இல்லாத காய்ச்சல்

காலை ஏழு பத்து.

போன் அடிக்கவில்லை.

டெரன்ஸ் நாக்குக்கு அடியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.

சொல்லப் போகிற நம்பர் வேறு.

நூறு புள்ளி இரண்டு.

வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். குரலைக் கொஞ்சம் தளர்த்தினான். தொண்டையில் ஓர் இருமலைத் தயாராக நிறுத்திவைத்தான்.

ஏழு பதினைந்து... ஏழு இருபது...

பதிமூன்று நாளில் செண்பகம் ஒரு நிமிடம்கூடப் பிந்தியதில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ். ஊசி போட்டுக்கொண்ட ஐந்து பேருக்கும் தினமும் போன் செய்து காய்ச்சல் கேட்பது அவள் வேலை. முதல் போன் டெரன்ஸுக்கு.

காய்ச்சல் இல்லை என்றால் நாற்பது நொடியில் வைத்துவிடுவாள்.

இருக்கிறது என்றால் பதினோரு நிமிடம்.

என்ன சாப்பிட்டீங்க, கஞ்சி யாரு வச்சா, நீங்களேவா, போர்த்திக்கிட்டுப் படுத்தீங்களா, பக்கத்துல தண்ணி வச்சுக்கிட்டீங்களா...

அந்தப் பதினோரு நிமிடத்துக்காகத்தான் பொய்.

டெரன்ஸுக்கு வயது ஐம்பத்தொன்று. மனைவி செத்து ஆறு வருடம். பிள்ளை இல்லை. திரேஸ்புரத்தில் கடலைப் பார்த்த ஒற்றை அறை. ஒருநாள் குழம்பு வைத்தால் மூன்று நாள் ஓடும். முப்பது வருடம் சங்கு குளித்தவன். கடலுக்கு அடியில் பேச முடியாது. மேலே வந்தால் பேச ஆள் இல்லை.

இதில் ஒரு கூத்து உண்டு. காய்ச்சல்காரனைப் படகு முதலாளி, சம்மாட்டி, படகில் ஏற்ற மாட்டார். அடியில் போனால் காது உடைந்துவிடும். படகு ஏறும்முன் கையைத் தொட்டுப் பார்ப்பார். வேலை போகுமே என்று இவன் முகத்தைக் கழுவி, ஈரக் கையை நீட்டி, முப்பது வருடமும் இருக்கிற காய்ச்சலை இல்லை என்று சொல்லியிருக்கிறான்.

முதல் ஊசிக்கு வந்தது நிஜக் காய்ச்சல். இல்லாததை இருக்கு என்று சொன்னது போன வெள்ளிக்கிழமையிலிருந்துதான்.

எட்டு ஐம்பதுக்குப் போன் அடித்தது.

பாய்ந்து எடுத்தான். இருமினான்.

"டெரன்ஸா?"

ஆண் குரல்.

"ஆமா... யாரு?"

"செண்பகத்துக்கு நீரு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாது. யாரு பேசுதது?"

"இன்ஸ்பெக்டர் சிவப்பிரகாஷ். அந்தப் பிள்ள போன்ல தினமும் காலையில முதல் கால் உமக்குத்தான் போயிருக்கு. நேத்து பதினோரு நிமிஷம். ஒண்ணும் வேணாத ஆள்கிட்ட பதினோரு நிமிஷம் என்னவே பேச்சு?"

"நான் பேஷன்ட் சார். காய்ச்சல் இருக்கான்னு கேப்பாவ."

"அதுக்குப் பதினோரு நிமிஷமா?"

டெரன்ஸ் தெர்மாமீட்டரைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"போனை அவங்ககிட்ட குடுங்க சார்."



"குடுக்க முடியாதுவே. கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வாரும்."

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஆஸ்பத்திரி. மூன்றாவது மாடியில் மருந்து அறை. பத்துக்கு எட்டு. ஜன்னல் கிடையாது. உள்ளே ஆறடி உயரத்தில் ஒரு டீப் ஃப்ரீஸர். தரையில் இரண்டு தெர்மாகோல் பெட்டிகள், மூடி திறந்தபடி. வெள்ளைப் புகை இன்னும் விளிம்பில் வழிந்து தரையோடு போய்க்கொண்டிருந்தது.

உடலை எடுத்துப் போய்விட்டார்கள்.

நீல வார் வைத்த ஒரு செருப்பு மட்டும் கிடந்தது.

டெரன்ஸ் வாசலில் நின்று அதையே பார்த்தான். ஆளை நேரில் பார்த்தது சில தடவைதான்; மற்ற நாளெல்லாம் குரல்தான். குரலுக்குச் செருப்பு இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று யோசித்ததில்லை.

"ஆக்ஸிடென்ட்தான்," என்றார் சிவப்பிரகாஷ். மீசைக்குச் சாயம் அடித்தவர், காதோரத்தை மறந்திருந்தார். "போன வாரம் போட்ட ஊசியோட காலிக் குப்பிய எல்லாம் பெங்களூர் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணுமாம். அதுக்காக ஆறு மணிக்கே வந்திருக்கா. பெவின்னு ஒருத்தன், இறால் கம்பெனி வண்டி ஓட்டுதவன், டிரை ஐஸ் இறக்கிட்டுப் போயிருக்கான். அது தண்ணியா கரையாதாம்வே. புகையாத்தான் போகுமாம். சின்ன ரூம், சாத்தின கதவு. மூச்சு முட்டியிருக்கு. ஏழு மணிக்குக் கூட்ட வந்த அம்மா பாத்துட்டுக் கத்தியிருக்கு."

"கதவு சாத்தியிருந்துதா?"

"சாத்தியிருந்துது. பூட்டல."

"சாத்த மாட்டாவ சார்."

"யாரு?"

"செண்பகம். டிரை ஐஸ் உள்ள இருந்தா கதவைச் சாத்தவே மாட்டாவ. கெட்ட காத்துன்னா எனக்கும் தெரியும், சிலிண்டர் கட்டி முங்குதவன். அவங்க என்னைவிட பயப்படுவாவ. கதவுக்கு அண்டக் குடுக்க ஒண்ணும் இல்லன்னாவ. நான்தான் ஒரு சங்கு கொண்டாந்து குடுத்தேன். செங்கல் கனம் இருக்கும். அதைக் கதவுக்கு அடியில வச்சிட்டுத்தான் உள்ள போவாவ."

இன்ஸ்பெக்டர் குனிந்து கதவின் கீழே பார்த்தார். பிறகு அறை முழுக்கப் பார்த்தார்.

"சங்கு எங்கவே?"

டெரன்ஸ் கையை உயர்த்திக் காட்டினான்.

ஃப்ரீஸரின் தலைமேல்.

"அதுக்கென்ன? எடுத்து மேல வச்சிருப்பா."

"அவங்க அஞ்சடி கூட இல்ல சார். மேல்தட்டுல குப்பி எடுக்கணும்னாலே ஸ்டூல் போடுவாவ. ஸ்டூல் அந்தா வெளிய கிடக்கு."

சிவப்பிரகாஷ் சங்கைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"ஏட்டையா... அந்தச் சங்கைத் துணியில பிடிச்சு எடும். வெறுங்கை படக்கூடாது."

பிறகு டெரன்ஸைத் தோளில் கை போட்டு வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இப்ப சொல்லும். இங்கன என்ன வைத்தியம் நடக்கு? டாக்டர் சொன்னாரு, எனக்கு அரைவாசிதான் விளங்கிச்சு."

"எனக்கு செண்பகம் சொன்னதுதான் சார் தெரியும்."

"அதையே சொல்லும்."

டெரன்ஸ் கழுத்தின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினான். காதுக்குக் கீழே ஒரு கட்டி.

"இது கேன்சர். ஜலதோஷம் கொண்டார வைரஸ் ஒண்ணு இருக்குல்லா, அதைப் பிடிச்சு பல்லைப் பிடுங்கிட்டாங்களாம். அதுக்குள்ள ஒரு ஜீனை ஏத்தி விட்டிருக்காவ. நேரா கட்டிக்குள்ளயே ஊசி. உள்ள போனதும் அந்த ஜீன் விசில் அடிக்குமாம். உடம்புல தூங்கிட்டு இருக்க போலீஸ்காரன் எல்லாம் எந்திரிச்சு ஓடி வந்து கட்டியை அடிப்பானாம்."

"போலீஸா?"

"அவங்க அப்படித்தான் சொன்னாவ. விசிலுக்குப் போலீஸ் எங்க தாயி வருதான், அடுத்த நாள்ல வருவான்னேன். ரொம்ப நேரம் சிரிச்சாவ."

சிவப்பிரகாஷ் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க மீசையைத் தடவினார்.

"அதுக்கும் காய்ச்சலுக்கும் என்ன?"

"விசில் அடிச்சா காய்ச்சல் வரும். அதான் தினமும் கேப்பாவ. மொத்தம் மூணு ஊசி. வாரம் ஒண்ணு. சில குப்பியில மருந்து, சில குப்பியில டம்மி. எது எதுன்னு நமக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அந்தக் கணக்கை பெங்களூர்ல உறை போட்டு ஒட்டி வச்சிருக்காங்களாம்."

"உமக்கு எத்தன போட்டாச்சு?"

"ரெண்டு. நாளைக்கு மூணாவது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஒருத்தி செத்துக் கிடக்கிற நேரத்தில் நாளைக்கு என்கிற வார்த்தை வாயிலிருந்து எப்படி வருகிறது.

இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. போனை எடுத்தார்.

"ஏலே... அந்த பெவினைப் பிடிச்சு ஸ்டேஷன்ல உக்கார வை. கடைசியா பாத்தவன் அவன்தானே."

டாக்டர் ஜெஃப்ரி தன் அறையிலிருந்து வந்து டெரன்ஸை உள்ளே கூப்பிட்டார். ஆறடிக்கு மேல். புன்னைக்காயல்காரர். அப்பா வலை இழுத்துப் படிக்கவைத்த பிள்ளை. பேஷன்ட்டிடம் ஊர்ப் பேச்சுதான் பேசுவார். இன்றைக்குக் கண் இரண்டும் சிவந்திருந்தது.

"உக்காரும் டெரன்ஸ். காபி குடிச்சீரா?"

"வேண்டாம் டாக்டர்."

"எனக்கும் ஒண்ணும் இறங்கல. எப்படிப்பட்ட பிள்ள..."

எழுந்து வந்து டெரன்ஸின் கழுத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் மெத்தென்று இருந்தது.

"நெல்லிக்காயா இருந்துதுல்லா? இப்ப மொச்சைப் பயறு. முதல் ஊசி நல்லாப் பிடிச்சிருக்குவே."

"நாளைக்கு... உண்டா டாக்டர்?"

"உண்டு. நானே போடுதேன். பத்து மணிக்கு வந்துரும். மூணும் போட்டாத்தான் அடங்கும், நடுவுல நின்னா திரும்ப வளரும். போன வாரம்தான் அஞ்சு பேருக்குமே சும்மா போச்சு. நாளைக்கு அப்படி விட மாட்டேன்."

டெரன்ஸ் தலையை ஆட்டினான்.

மேசையில் செண்பகத்தின் சார்ட் கிடந்தது. ஐந்து பெயர். இரண்டாவது ஊசிக்குப் பிறகு நாலு பெயருக்கு நேரே இல்லை, இல்லை, இல்லை, இல்லை. டெரன்ஸ் என்ற பெயருக்கு நேரே சிவப்பு மையில் நூற்றொன்று புள்ளி நாலு. அதன் கீழே அவள் கையால் ஒரு கோடு.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

உப்பு ஏற்றிய லாரிகள் தார்ப்பாய் படபடக்கத் துறைமுகம் பக்கம் போய்க்கொண்டிருந்தன. பஸ் ஸ்டாப்பில் நின்றான். வெட்கமாக இருந்தது. அஞ்சு பேருக்குமே என்றாரே, டாக்டருக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொன்னது பொய் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை திட்டவில்லை, பெரிய மனுஷர்...

பஸ் வந்தது.

அவன் ஏறவில்லை.

எப்படித் தெரியும்?

சார்ட்டில் நூற்றொன்று புள்ளி நாலு என்று இருக்கிறது. எழுதினவள் நம்பித்தான் எழுதினாள். படிக்கிற எவனும் என்ன சொல்வான்? நாலு பேருக்குச் சும்மா போச்சு, டெரன்ஸுக்குப் பிடிச்சிருக்கு என்பான். காய்ச்சல் வரவில்லை என்று தெரிந்தவன் உலகத்தில் ஒரே ஒருத்தன்.

பொய் சொன்னவன்.

இன்னொருத்தனுக்கும் தெரிகிறது என்றால்... அவன் காய்ச்சலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. குப்பிக்குள் என்ன இருந்தது என்பது அவனுக்கு முன்னாடியே தெரியும்.



பன்னிரண்டு மணி. திரேஸ்புரம்.

கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தான். டீக்கடையில் கேட்டுவிட்டுத்தான் வந்தான். பெவினின் பொண்டாட்டி கைப்பிள்ளையோடு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாளாம்.

இன்ஸ்பெக்டரிடம் சொல்லலாம். சொல்வதென்றால் முதலில் தன் பொய்யைச் சொல்ல வேண்டும்.

கையெழுத்து வாங்கும்போது செண்பகம் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். ஒன்பதாவது வரி மறக்கவில்லை. 'தவறான தகவல் கொடுத்தால் நீங்கள் இந்த ஆய்விலிருந்து நீக்கப்படுவீர்கள்.' அப்புறம் அவளே, "நீங்க எங்க அண்ணாச்சி பொய் சொல்லப் போறீங்க," என்று அடுத்த வரிக்குப் போனாள்.

வாயைத் திறந்தால் நாளைய ஊசி கிடையாது. மொச்சை மறுபடி நெல்லிக்காய் ஆகும். நெல்லிக்காய் எலுமிச்சை ஆகும்.

திறக்காவிட்டால் நாளை காலை பத்து மணிக்கு, அவளைக் கொன்ற கையாலேயே ஊசி.

யாரிடமாவது கேட்கலாம் என்று போனை எடுத்தான். பெயர்கள் மேலே கீழே ஓடின. கேஸ் கம்பெனி. சங்கு குடோன். சர்ச் ஆபீஸ். செத்துப்போன இரண்டு கூட்டாளிகள்.

விரல் பழக்கத்தில் ஓர் இடத்தில் போய் நின்றது.

செண்பகம் சிஸ்டர்.

அழுத்தினான். யாரும் எடுக்கப்போவதில்லை என்று தெரியும். மணி அடிக்கிற சத்தம் போதும்.

நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"சொல்லும்வே," என்றது சிவப்பிரகாஷின் குரல்.

டெரன்ஸ் சட்டென்று எழுந்து நின்றான்.

"செத்தவ நம்பருக்கு எதுக்குப் போன் போடுதீரு?"

"சும்மா சார்."

"சும்மா எவனும் போட மாட்டான். என்ன, சொல்லும்."

அலை ஒன்று வந்து வள்ளத்தைத் தொட்டுவிட்டுப் போனது.

"எனக்குக் காய்ச்சல் வரல சார்."

"என்னது?"

"ரெண்டாவது ஊசிக்கு. வரல. வந்துதுன்னு பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"பேச."

"...என்ன பேச?"

"சும்மா பேசத்தான் சார். காய்ச்சல்னா கூட கொஞ்ச நேரம் பேசுவாவ."

பின்னால் யாரோ இன்ஸ்பெக்டரைக் கூப்பிடும் சத்தம். "இருல," என்று அதட்டினார்.

"இதைச் சொல்லவா போட்டீரு?"

"இல்ல சார். இது பொய்யின்னு எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனா டாக்டருக்கும் தெரிஞ்சிருக்கு."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். அஞ்சு பேருக்குமே சும்மா போச்சு என்றதை இரண்டு முறை சொல்லச் சொன்னார் சிவப்பிரகாஷ்.

"இதை எழுதிக் கையெழுத்துப் போடுவீரா?"

"போட்டா எனக்கு ஊசி போச்சு சார்."

"தெரிஞ்சுதான் கேக்குதேன்."

டெரன்ஸ் கட்டியைத் தொட்டான். மொச்சைப் பயறு. சின்னதுதான்.

"வாரேன் சார்."

மாலை நாலு மணி.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் டாக்டர்களின் கார் நிறுத்துமிடம். ஜெஃப்ரி பையோடு காரை நோக்கி வந்தார். சிவப்பிரகாஷ் பானட்டில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி டெரன்ஸ்.

"டாக்டர், டிக்கியைத் திறங்க."

"எதுக்கு?"

"சங்குல இவரு ரேகை போக ரெண்டு பேரு ரேகை இருக்கு. ஒண்ணு அந்தப் பிள்ளையோடது. இன்னொண்ணு காலையில நீங்க குடிக்காம வச்ச காபி கப்புல இருக்குறது."

"நான் எத்தனையோ தடவை அந்த ரூமுக்குப் போயிருக்கேன். சங்கைத் தொட்டிருப்பேன்."

"தொட்டிருப்பீங்க. டிக்கியைத் திறங்க."

"என்ன சார் இது, எனக்கு வார்டுல ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க..."

"போன வாரம் அஞ்சு பேருக்குமே சும்மா போச்சுன்னு இவர்கிட்ட சொன்னீங்களே. சார்ட்டுல நாலுதானே இருக்கு?"

ஜெஃப்ரி டெரன்ஸைப் பார்த்தார். முதன்முறையாக அந்த முகத்தில் மருத்துவர் இல்லை.

"இவனுக்கு நூத்தியொண்ணு புள்ளி நாலுன்னு..."

"எனக்கு வரல டாக்டர்," என்றான் டெரன்ஸ். "நீங்க சொன்னதுதான் சரி."

ஏட்டையா சாவியை வாங்கி டிக்கியைத் திறந்தார். மீன் பெட்டி அளவில் ஒரு தெர்மாகோல் பெட்டி. மூடியைத் தூக்கியதும் வெள்ளைப் புகை வழிந்தது. உள்ளே மூன்று குப்பிகள், உடையாத சீலோடு. இரண்டு காலிக் குப்பிகள். தனியாக ஒரு கவரில் இன்னொரு காலிக் குப்பி. அதன்மேல் செண்பகத்தின் கையெழுத்தில் 'டெரன்ஸ்'.

ஜெஃப்ரி கார் கதவில் சாய்ந்தார். சட்டையின் மேல் இரண்டு பொத்தானைக் கழற்றினார். இடது அக்குளுக்குக் கீழே பிளாஸ்திரி. அதன் ஓரத்தில், தோலுக்கு அடியில், கோழிமுட்டை அளவுக்குக் கட்டி.

"எட்டு மாசமாச்சு," என்றார். "எல்லா மருந்தும் பாத்தாச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். ட்ரயல் நடத்துத டாக்டரையே ட்ரயல்ல சேக்க மாட்டாங்க. தினமும் என் கையால அடுத்தவன் கட்டியில ஏத்துதேன்... என் கட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்றார் சிவப்பிரகாஷ்.

"யார்கிட்ட சொல்ல? சொன்னா பேஷன்ட் வருவானா?"

டெரன்ஸ் தரையைப் பார்த்தான்.

"ரெண்டாவது தவணை வந்ததும் அஞ்சையும் எடுத்துட்டேன். அதே மாதிரி குப்பி வாங்கி வார்டுல இருந்த சலைனை ஏத்தி, லேபிளை மாத்தி ஒட்டினேன். அஞ்சுல ஒண்ணு ரெண்டு டம்மியா இருக்கும். அஞ்சுமா டம்மியா இருக்கும்? இதுவரைக்கும் ரெண்டு போட்டுட்டேன். காய்ச்சல் வரல. மூணு இருக்கேன்னு இருந்தேன்."

"செண்பகம்?"

ஜெஃப்ரி வாயைத் துடைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை இவன் ரத்தத்தை எடுத்து டெஸ்டுக்குக் கொடுத்தா. ரத்தத்துல வைரஸே இல்ல. காய்ச்சல் மட்டும் இருக்கு. அப்ப குப்பியில ஏதோ கெட்ட கிருமி கலந்திருக்கு, மத்தவங்களுக்கும் ஆபத்துன்னு பயந்துட்டா. மத்த காலிக் குப்பியைக் கம்பெனியில எண்ணி வச்சுக்குவான், அவ்வளவுதான்; இவன் குப்பியை மட்டும் தனியா டெஸ்டுக்கு அனுப்பறேன்னு நின்னா. அனுப்பினா இது கம்பெனி சரக்கு இல்லன்னு ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சிருவான். நான் எவ்வளவோ சொன்னேன். அந்த ஆளு பொய் சொல்லியிருப்பான், விடுன்னேன்..."

டெரன்ஸ் நிமிர்ந்தான்.

"அதுக்கு என்ன சொன்னாவ?"

"டெரன்ஸ் அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டாரு சார்னா."

தூரத்தில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.

"காலையில அவ பெட்டி கட்டிக்கிட்டு இருந்தா. சங்கை எடுத்துட்டு கதவை இழுத்து வெளியே தாழ்ப்பாள் போட்டேன். பத்து நிமிஷம் தட்டினா. அப்புறம் தட்டல. கையில சங்கோடயே நின்னுருக்கேன். உள்ள போய் கைக்கு எட்டின இடத்துல வச்சிட்டு, அந்தக் குப்பியை மட்டும் எடுத்துட்டு, கதவை வெறுமனே சாத்திட்டு வந்துட்டேன்."

ஏட்டையா அவர் கையைப் பிடித்தார். ஜீப்பில் ஏறும்போது ஜெஃப்ரி திரும்பினார்.

"உன் பொய்யிலதான்வே அவ செத்தா."

"ஆமா டாக்டர்," என்றான் டெரன்ஸ்.

அவ்வளவுதான் சொன்னான். கார் நிறுத்துமிடம் காலியாகும்வரை அங்கேயே நின்றான்.

மறுநாள் காலை பத்து மணி. ஊசி போட வேண்டிய நேரம்.

பெங்களூர் கம்பெனியிலிருந்து டாக்டர் அனுசியா விமானத்தில் வந்து இறங்கியிருந்தாள். முப்பத்தைந்து வயது. கண்ணாடி. டெரன்ஸின் வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்தாள்.

"நீங்க செஞ்சது பெரிய உதவி, டெரன்ஸ்."

"சரிங்க."

"ஆனா அஞ்சு நாள் தப்பான டெம்பரேச்சர் சொல்லியிருக்கீங்க. எழுத்துல இருக்கு. என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மத்த நாலு பேருக்கும் மூணாவது ஊசியை மதுரையில போடுவோம். உங்க பேரை எடுத்தாகணும்."

"தெரியுங்க."

"கட்டியை அளக்க மாசாமாசம் நீங்க வரணும். அதை நாங்க பார்ப்போம். மருந்து மட்டும் கிடையாது."

"சரிங்க."

சுவரோரம் நின்ற சிவப்பிரகாஷுக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்ன மேடம், சரி சரிங்காரு, நீங்களும் பேரை எடுத்துட்டீங்க. உங்க கேஸையே பிடிச்சுக் குடுத்தவர் இவரு."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு சார். ரூல்."

"சரி, அந்த உறையையாவது பிரிங்க. கோர்ட்டுக்கு வேணும். டாக்டர் எத்தன மருந்தைத் திருடினாரு, எத்தன டம்மின்னு எழுதணும்."

அனுசியா பையிலிருந்து அரக்கு வைத்த உறையை எடுத்துப் பிரித்தாள். ஒரே ஒரு தாள்.

படித்தாள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள்.

"இந்த சென்டருக்கு முதல் தவணை அஞ்சுமே மருந்து. மூணாவது தவணையும் அஞ்சுமே மருந்து. அது இப்பவும் அந்த ஃப்ரீஸர்லயே இருக்கு... கீழ்த்தட்டுல. யாரும் தொடல."

"ரெண்டாவது?"

"ரெண்டாவது..." அவள் குரல் இறங்கியது. "அஞ்சுமே டம்மி."

"டம்மின்னா என்ன மேடம்? அதுக்குள்ள என்ன இருக்கும்?"

"சலைன். வெறும் உப்புத்தண்ணி."

சிவப்பிரகாஷ் பேனாவை மூடினார். திறந்தார். மூடினார்.

"அப்ப டாக்டர் திருடினது?"

"உப்புத்தண்ணி."

"அதுக்குப் பதிலா வச்சது?"

"அதுவும் உப்புத்தண்ணிதான்."

"அவர் தனக்கே குத்திக்கிட்டது?"

அனுசியா தாளை மடித்து உறைக்குள் வைத்தாள்.

டெரன்ஸ் நாற்காலியை விட்டு எழுந்தான். மூன்றாவது மாடி ஜன்னல். வலப்பக்கம் உப்பளம். இடப்பக்கம் துறைமுகம். நடுவில் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை கடல்.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"தூத்துக்குடியில இருந்துக்கிட்டு இதுக்கா சார் கொல பண்ணுனாரு," என்றான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடத்துல மோந்து கொண்டாந்து குடுத்திருப்பேனே."